சுவர் ஒரு ஊரில், வாசல் ஒரு ஊரில்

தாயம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்த மாதத்தில் தோட்டம் அவளுக்கு இரண்டு காரியம் செய்தது. முப்பதாம் தேதிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. அந்தத் தேதிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலோரக் கோட்டை ஊர்களைச் சுற்றிப் பார்க்க பஸ் பிடித்துக் கொடுத்தது. முப்பத்தேழு வருஷம், முதலில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி முதுகு வளைந்தவளுக்குக் கோட்டை பார்க்கும் ஆசை இருக்கும் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சேதுவுக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். அவனிடம் புதுக் கேமரா இருந்தது. கம்பெனிப் பத்திரிகையில் போட அவனுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது.

தாயம்மாவுக்கு வேண்டியிருந்தது மூன்று மாதம். மகள் ரமணி ரவாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழு மாதம் முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறப்பது ஆஸ்பத்திரியில்தான். ஆனால் முப்பதாம் நாள் சடங்கு கழிகிறவரை பெற்றவளும் பிள்ளையும் தாய் வீட்டில் இருக்க வேண்டும். தாய்க்கே வீடில்லை என்றால் சம்பந்திக்காரி ரவாங் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆபீசில் தோட்டத்து மேலாளர் துரையைப் பார்க்க சேதுவைத் தாண்ட வேண்டும். சேது தாண்ட விடுகிற ஆளில்லை. துரை விடுமுறைக்கு மலாக்கா போயிருந்தார். மத்தியானம் அங்கே வைத்து, ஓய்வு பெறுகிற ஐந்து பேருக்கும் தம் கையால் பரிசு கொடுப்பார் என்று ஏற்பாடு. தாயம்மா பஸ் ஏறியது அதற்காகத்தான். புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

முதலில் கோலா சிலாங்கூர் மலை. சேது வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு, பழைய கோட்டைச் சுவரோரம் இருந்த பீரங்கிமேல் ஒரு காலை வைத்து நின்றான். கீழே காடும் சேறும், அதற்கப்பால் கடலும் விடிந்துகொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. சேது பேசாமல் இருந்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

"இத ஒல்லாந்துக்காரன் புடிச்சான். ஒரே வருஷம். சுல்தான் வந்து தொரத்திட்டாரு."

"எத்தன நாள் நோட்டீஸ் குடுத்தாரு?" என்றாள் தாயம்மா.

"நோட்டீஸா? சண்டையில ஏது லா நோட்டீஸ்? ராத்திரியோட ராத்திரியா ஓடுனானுங்க."

"அப்ப எனக்குத் தேவல. ஒரு மாசம் குடுத்திருக்கீங்க."

கூட ஓய்வு பெறுகிற செல்லன் குபீரென்று சிரித்து, கிராணியின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான். மரத்திலிருந்த குரங்கு ஒன்று இறங்கி வந்து சேதுவின் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அந்த மலையில் தோட்டத்து நடைமுறை தெரிந்த ஒரே ஆள் அதுதான் என்று தாயம்மா நினைத்தாள்.

மலாக்கா போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே கோட்டை என்று காட்டியது ஒரு வாசல். இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. ஆட்டுக்குட்டிகூட பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போகலாம்; வெள்ளைக்காரர்கள் மட்டும் வரிசையாக அதற்குள் நுழைந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

"காலையில சுவரு. இப்ப வாசலு. கூரைய எந்த ஊர்ல வச்சிருக்கீங்க கிராணியாரே?"

"வாய மூடு தாயம்மா, துரை வராரு."

துரை மனைவியோடு வந்தார். பசி முகத்தில் தெரிந்தது. ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். தாயம்மாவின் முறை வந்தபோது அவள் கை நீட்டவில்லை; வீட்டைச் சொன்னாள், மகளைச் சொன்னாள், மூன்று மாதம் என்றாள்.

துரை சேதுவைப் பார்த்தார். "ஷீ சேஸ் தேங்க்யூ, சார்" என்றான் சேது.

அவ்வளவு இங்கிலீஷ் தாயம்மாவுக்குத் தெரியும். அவள் துரை பக்கம் திரும்பி மலாய் கலந்து சொன்னாள். "நான் திரிமா காசே சொல்லல, துவான். ரூமா கேட்டேன். தீகா பூலான்." வீட்டுக்கு மூன்று மாதம் என்று மூன்று விரலை நீட்டிக் காட்டினாள்.

"சரி, சரி, அப்புறம் பேசலாம். மொதல்ல மணியப் புடி, படம் எடுக்கணும்" என்று சேது கேமராவைத் தூக்கினான்.

"புடிக்க மாட்டேன். நாலு பேர வச்சி எடுத்துக்குங்க."

நாலு பேர் படம் கம்பெனிப் பத்திரிகைக்கு ஆகாது. தலைப்பில் ஐந்து என்று சேது ஏற்கெனவே டைப் அடித்து அனுப்பியிருந்தான். துரையின் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னால் வாசலுக்குள் நுழையக் காத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"போலே, போலே, தீகா பூலான்" என்று சம்மதித்தார் துரை.

"எழுதித் தரச் சொல்லுங்க."

சேது கடிகாரப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதினான். துரை நின்றபடியே கையெழுத்துப் போட்டார். படத்தில் நாலு பேர் கடிகாரத்தைப் பிடித்துச் சிரிக்கிறார்கள். தாயம்மா கடிகாரத்தைத் துரையின் மனைவியிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நிற்கிறாள்.

ரமணிக்குப் பெண் பிறந்தது. முப்பதுக்கு ரவாங் சம்பந்திக்காரி வந்து, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கறியில் உப்பு தூக்கல் என்றாள்.

தொண்ணூறாம் நாள் தாயம்மா ஈஜோக்கில் தங்கச்சி வீட்டுக்கு லோரியில் சாமான் ஏற்றினாள். ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டாள், ஒன்றைத் தவிர. சாவியை வாங்க வந்த சேது உள்ளே எட்டிப் பார்த்தான்; அந்த ஒற்றை ஆணியில் பரிசுக் கடிகாரம் தொங்கியது.

"மணிய மறந்துட்ட, தாயம்மா."

"மறக்கல. அது சுவருக்குக் குடுத்த சாமான். சுவரு உங்களுதுதானே."

சாவியை அவன் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு லோரியில் ஏறிக்கொண்டாள்.