டெட்டால் விட்ட பாட்டில்

தொண்ணூறுகளில் பாறசாலைப் பக்கம் வீடு வீடாக மலம் கேட்டு ஒருவர் வந்தார். ஆராய்ச்சிக்காரர். மெலிந்த ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாட்டிலை யார் நீட்டினாலும் கோயில் பிரசாதம்போல இரு கையாலும் வாங்குவார்.

அண்ணன் அப்போது குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தான். தன்மேல் நாறுகிறது என்று வெட்கப்பட்டு அறையைவிட்டு வெளியே வரமாட்டான். நோய் திரும்பி வருமோ என்று எனக்கு எந்நேரமும் பயம்.

எங்களுக்கும் ஒரு பாட்டில் தந்துவிட்டு மறுநாள் வந்தார். திறந்து மோந்து பார்த்தார்.

"டெட்டால் விட்டியளா?"

"நாறுமேண்ணு கொஞ்சம் விட்டேன் சாரே," என்றாள் அண்ணி.

"கொள்ளாம்! எனக்கு வேண்டியவனையெல்லாம் கொன்னாச்சு." சிரித்தபடி வேறு பாட்டில் தந்தார். "குடல்ல உள்ள கிருமியாக்கும் வேணும். நாம தின்னுத நார்ச்சத்த அது புளிக்க வச்சு ஒரு அமிலம் உண்டாக்கும். புற்றுநோய அது அடக்குமாண்ணு பாக்கியோம்."

"அப்பம் அண்ணனுக்கு இனி வராதா சாரே?" என்றேன்.

"அறியாது மக்கா. அறிஞ்சா நான் எதுக்கு பிச்சக்காரனப்போல வீடு வீடா இதைத் தெண்டி நடக்கணும்?"

அறைக்குள் அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் காலை பாட்டிலோடு அவனே வாசலுக்கு நடந்து வந்தான். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. என்ன கண்டுபிடித்தாரோ தெரியாது. பயப்பட வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னபோதெல்லாம் பயந்த எனக்கு, அவர் அறியாது என்றதும் ஏன் பயம் குறைந்தது என்று இன்றும் விளங்கவில்லை.