மண் பரிசோதனை வேனின் இரண்டு பேட்டரிகள்

கல்யாணமான பதினோராவது மாதம் என் மனைவி மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓர் உரக் கம்பெனியின் மண் பரிசோதனை வேனில் நான் ஆய்வக உதவியாளன். வேன் என்றாலும் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் சின்னது. நடுவில் மேசை, குடுவைகள், கருவிகள். பின்னால் மடக்கிப் போடுகிற இரண்டு படுக்கைகள், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஓர் ஊரில் மூன்று நாள், நான்கு நாள் நிறுத்துவோம். விவசாயிகள் பையில் மண் கொண்டுவருவார்கள். அதைக் கரைத்து வடிகட்டிக் கருவியில் பார்த்து, எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று அட்டையில் எழுதிக் கொடுப்போம். கெமிஸ்ட், டிரைவர், நான் என்று மூன்று பேர். கெமிஸ்ட் சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பி வருவார். டிரைவரும் நானும் வேனிலேயே தங்குவோம்.

மதுரை கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை அண்ணன் வீட்டில் போட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேனை விட்டு இறங்கவில்லை. வண்டி கம்பெனி குடோனில் நிற்கும். நான் உள்ளே படுத்திருப்பேன். டிரைவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"தம்பி, வீட்டுக்குப் போகலையா?"

"பேட்டரி பாக்கணும்ணே."



பேட்டரி பார்ப்பது என் வேலைதான். வேனில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று இஞ்சினுக்கு. இன்னொன்று உள்ளே இருக்கிற கருவிகள், விளக்கு, ஃபேன் இவற்றுக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. வண்டி ஓடும்போது அதை 'இரண்டும்' என்ற இடத்தில் வைத்தால் டைனமோ இரண்டையும் சார்ஜ் பண்ணும். வண்டி நின்றதும் 'உள்ளே' என்ற இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஃபேனும் கருவிகளும் இஞ்சின் பேட்டரியையும் சேர்த்துக் குடித்துவிடும்.

காலையில் எழுந்ததும் மூடிகளைத் திருகி எடுப்பேன். ஒரு பேட்டரிக்கு ஆறு மூடி, இரண்டுக்கும் பன்னிரண்டு. தகடுகளுக்கு மேலே ஒரு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பேன். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். சோதனைக்காக நாங்களே காய்ச்சி எடுப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. பிறகு ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தி ஆசிட்டை உறிஞ்சி, சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் மிதவை உள்ளே எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நோட்டில் குறிப்பேன். முனைகளில் பச்சையாகப் பூத்திருப்பதைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவுவேன். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். நான் தினமும் பார்த்தேன். அந்த அரை மணி நேரம் கைக்கு வேலை இருந்தது. ஆசிட் பட்டு என் சட்டைகளில் எல்லாம் ஓட்டை விழுந்தது. அது தெரிந்தும் அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, பேரையூர். எந்த ஊரில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நோட்டைப் பார்த்தால் மிதவை நின்ற கோட்டை மட்டும் சொல்லிவிடலாம்.

ஐப்பசியில் டி. கல்லுப்பட்டிப் பக்கம் போகச் சொன்னார்கள். என் மனைவியின் ஊர் அங்கிருந்து நாலு மைல். காரியம் முடிந்த பிறகு நான் அங்கே போனதே இல்லை. போகாததற்குக் காரணம் இருந்தது. அவளை எடுத்துக்கொண்டு போன அன்று என் மாமியார் பெண்கள் நடுவில் உட்கார்ந்து சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே இந்த மனுசன்." உண்மைதான். நான் விடவில்லை. வரவில்லை.

வேனைச் சாலையிலிருந்து இறக்கி ஒரு கரிசல் பொட்டலில் நிறுத்தினோம். அன்று சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மண் கொண்டுவந்தவர்களின் வரிசையில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"நல்லாருக்கீகளா மாப்ள?"

"இருக்கேன் மாமா."

"கெணத்து மேட்டு மண்ணு. பருத்தி சரியா வரல. பாத்துச் சொல்லுங்க."

பையை வாங்கிக்கொண்டேன். அவர் கண்ணில் மண்ணைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சீட்டில் அவர் பெயரையும் ஊரையும், புதிதாக வருகிறவருக்கு எழுதுவதுபோல எழுதினேன்.

அவருடைய மண்ணைக் கரைத்துக் கருவியில் வைத்தபோது முள் அமில மண் என்று காட்டியது. கரிசலுக்கு அது வரவே கூடாத எண். மறுபடி வைத்தேன். முள் இன்னும் சரிந்தது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ஓடிப்போய்ச் சுவிட்சைப் பார்த்தேன். 'இரண்டும்' என்ற இடத்திலேயே இருந்தது. முந்தின நாள் வந்து சேர்ந்ததும் திருப்பியிருக்க வேண்டும். ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட மறக்காதவன் அன்று மறந்திருக்கிறேன். காலையில் மூடிகளைத் திறந்து பார்க்கவும் இல்லை. அவள் ஊர் பக்கத்தில் என்பதால்தானா என்றால், சொல்லத் தெரியவில்லை.

டிரைவர் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிவிடலாம் என்றால் சக்கரங்கள் சேற்றில் பாதி புதைந்திருந்தன. கெமிஸ்ட் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கமோ கோபமோ எதுவும் வரவில்லை. மாமனார்தான் குறுக்கே வந்தார்.

"விடுங்க சார். வண்டி கெடக்கு. ரெண்டு பேட்டரியையும் கழட்டிக் குடுங்க, ஏத்திட்டு வாரோம்."

அவருடைய மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, ஆசிட் சிந்தாதபடி இரண்டையும் நிமிர்த்தி வைத்தோம். கல்லுப்பட்டியில் பேட்டரி சார்ஜ் பண்ணுகிற கடை ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் மிதவையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் அடியத் தொட்டுருச்சே. வேகமா ஏத்துனா தகடு வளஞ்சுரும். மெதுவாத்தான் ஏத்தணும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"இங்கயே உக்காந்துக்கிறேன்," என்றேன்.

"நாளைக்கு வரைக்குமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

மாமனார் சிரிக்கவில்லை. மாட்டைத் திருப்பிப் பூட்டிவிட்டு, "ஏறுங்க மாப்ள" என்றார். ஏறினேன்.

வண்டி பாதி வழி வந்திருந்தது. ஓடையைத் தாண்டியதும் நானே சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியாமல்.

"மாமா, எனக்கு அழுகை வரல. அன்னைக்கும் வரல, இன்னைக்கு வரைக்கும் வரல."

அவர் கயிற்றைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வரலய்யா," என்றார். "ஊரு என்ன சொல்லுமோன்னு துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டேன். உங்களுக்கு அப்பிடிப் பொத்திக்கத் தெரியல. இம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு பருத்தியைப் பற்றிப் பேசினார். இலை சிவக்கிறது என்றார். சாம்பல் சத்து குறைவாக இருக்கலாம் என்றேன்.

மாமியார் வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சோறு வெந்த வாசனை வந்தது. கம்பெனி வேனில் ஏழு மாதமாக என்ன தின்கிறேன் என்று கேட்காமல், கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தடவை ஊற்றினார். மூன்றாம் தடவை ஊற்றும்போது என் சட்டையைப் பார்த்தார்.

"இதென்ன சட்ட, சல்லட மாதிரி?"

"ஆசிட்டு அத்தை."

"கழட்டிக் குடுங்க."

மாமனாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் தூணில் சாய்ந்து, ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டார். அதில் அர்த்தமில்லை, துணியே இற்றுப்போயிருந்தது, ஊசி குத்தக் குத்தக் கிழிந்தது. அவர் நிறுத்தவும் இல்லை, நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உள் அறையில் கொடியில் அவளுடைய பாவாடை தாவணி இரண்டு தொங்கின. கல்யாணத்துக்கு முந்தியவை. பார்த்தேன். துணி என்றுதான் தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். மூடிகள் திறந்திருக்க, ஆசிட் குமிழியிட்டு, தொண்டையை அடைக்கிற நெடி. ஆறவிட்டு, குறைந்ததற்குத் தண்ணீர் ஊற்றி, மிதவையைப் பார்த்தேன். பன்னிரண்டு அறையிலும் ஒரே கோட்டில் நின்றது. திரும்பி வந்து மாட்டியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. ஊர்க்காரர்கள் சக்கரத்துக்கு முன்னால் கல் போட்டுத் தள்ளி மேட்டுக்கு ஏற்றினார்கள். சுவிட்சை 'உள்ளே' என்ற இடத்துக்குத் திருப்பினேன். மாமனாரின் மண்ணை மறுபடி கரைத்துப் பார்த்து அட்டை எழுதிக் கொடுத்தேன். சாம்பல் சத்து குறைவுதான்.

"அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க," என்றார். "மண்ணு கொண்டாரணும்னு இல்லாம."

போனேன். அந்த வருஷம் மூன்று தடவை போனேன். மாமியார் என்னிடம் அதிகம் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு வருவேன். துக்கம் குறைந்ததா என்று கேட்டால், இருந்ததா என்றே அப்போது எனக்கு நிச்சயமில்லை.

தை மாதம் மதுரையில் ஒரு நண்பரோடு அறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன், கடையில் சாப்பிட்டேன், மத்தியானம் தூங்கினேன். கட்டில் வேன் படுக்கையைவிட அகலம். எந்தப் பக்கமாகப் படுப்பது என்று கொஞ்ச நாள் பிடிபடவில்லை.