சுவருக்கு அப்பால் ஒரு சொல்

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட் சுவருக்குள் ஒரு பெண் தமிழ் பேசினாள். எழுபதுகளின் நடுப்பகுதி, அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர வேறு தமிழர் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சோபாவில் ஏறினால் போதும், தொடங்கிவிடும். ஒரு வரி தமிழ், பிறகு ஒரு வரி வேறு ஏதோ பாஷை. தமிழ் வரியில் ஏற்ற இறக்கமே இராது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கல்லில் குத்துவதுபோல வரும். உயிருள்ள யாரும் அப்படித் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா என் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். அப்பா சிரித்தார்.

“ஹீட்டர் பைப்பப்பா உது. சூடேறினாக் கத்தும்.”

“பைப் தேவாரம் படிக்குமோ?” என்றாள் அம்மா.

பிறகு ஒருநாள் பேய் கொரிடோரில் நின்றது. பக்கத்துக் கதவுக்கு முன்னால், கையில் திறப்புக் கொத்தோடு, தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கதவு பாதி திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் உள்ளே போகவில்லை. யாரோ போகச் சொல்லவேண்டும் என்பதுபோல அசையாமல் நின்றார்.

அம்மா எங்கள் கதவால் எட்டிப் பார்த்து, “வீட்டை வா பிள்ளை, தேத்தண்ணி ஆறுது” என்று என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் சட்டென்று திரும்பினார்.

“வீடு?” என்றார் தமிழில். “இங்கேயா?”

அதே சுவர்க் குரல். நான் அம்மாவின் சீலைக்குள் புகுந்துகொண்டேன். அம்மா பயத்திலும் மரியாதையை விடாத ஆள். உள்ளே அழைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தாள். பேய் அதைக் குடித்ததைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

“உங்கட மனுசன் எங்கை அக்கா?”

அவர் சொற்களைத் தேடி எடுத்தார். “கணவர் வீடு பெற்றார்.”

அந்த நாட்களில் அப்பாவுக்கு, நகருக்கு வெளியே மார்க்கத்தில் ஒரு வீடு, அதை விட்டால் வேறு கனவே இல்லை. பேப்பரை மடித்து வைத்தார். “எங்கை வாங்கினவர்? மார்க்கத்திலையோ?”

“பிறகேன் உங்களை இஞ்சை தனிய விட்டவர்?” அம்மாவுக்குக் கோபம்.

“நான் பின்னர்ச் செல்வேன். எனக்குப் பணி உண்டு.”

எனக்கு அந்த வீட்டைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. “அன்ரி, அங்கை ஊஞ்சல் இருக்கோ?”

அவருக்கு விளங்கவில்லை. வீடு என்றால் ஹவுஸ் என்று நான் விளக்கினேன். கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் கையால் காட்டினேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கொஞ்சம் ஆங்கிலத்திலும் கொஞ்சம் புத்தகத் தமிழிலும் அவர் சொன்னதை அப்பா கேட்டுக் கேட்டு அம்மாவுக்குச் சொன்னார். நான் அதிகம் படித்தவள் அல்ல. காதில் விழுந்ததை அப்படியே சொல்கிறேன். அவர் பழைய தமிழ்ப் பக்திப் பாட்டுகளைத் தன் பாஷைக்கு மாற்றியவர். ஒரேயொரு பழைய உரையை வைத்துத் தமிழ் படித்தவர். தமிழர் யாரையும் கண்டதில்லை. அந்த உரையில் குடியிருப்பது மனை. வீடு என்றால் முத்தி, விடுதலை. பாட்டில் வீடு வந்த இடத்தில் தன் பாஷையில் ‘விடுதலை’ என்றே எழுதினார். அவருடைய நாட்டில் சாமி கும்பிடுவதே குற்றம், அதிலும் அந்தச் சொல். யாரிடமிருந்து விடுதலை என்று விசாரித்தவன் திரும்பத் திரும்பக் கேட்டானாம். தட்டச்சு செய்த கணவரையும் சேர்த்து அடைத்தார்கள். கணவர் சிறையிலேயே செத்துப்போனார். தாள்களை எரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் பாட்டு முழுவதையும் வாயிலேயே வைத்திருக்கிறார். தினமும் சொல்லவேண்டும், ஒரு சொல் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

எங்கள் ஈரச் சப்பாத்துகளையும் ஹீட்டரையும் கூரையையும் அவர் மெல்லச் சுற்றிப் பார்த்தார். “ஹவுஸ்,” என்றார். “அப்படி எழுதியிருந்தால் ஒருவரும் கதவைத் தட்டியிரார்.”

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாளும் சுவர் தொடங்கியது. தமிழ் வரி, அவருடைய வரி. பிறகு “வீடு” என்று வந்தது. அதற்கு அவர் பாஷையில் வரவேண்டிய சொல் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னார். அதே இடத்தில் நின்றது. சுவருக்கு அப்பால் மூச்சு மட்டும், என் காதுக்கு மிக அருகில்.

ஒரு சொல் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று அவர்தானே சொன்னார்? எனக்குப் பதற்றமும் பதகளிப்புமாய்ப் போய்விட்டது. அந்தக் குணம் இன்றும் மாறவில்லை. பாவம், அன்ரி மறந்துவிட்டார். சோபாவில் ஏறி நின்று, சுவரில் வாயை வைத்து, உரக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

“ஹவுஸ், அன்ரி! ஹவுஸ்!”

அந்த மூச்சும் நின்றது. நன்றி சொல்வார் என்று நான் காதை வைத்துக் காத்துக்கொண்டிருந்தேன்.