எழுதாவிட்டால் என்ன ஆகும்?

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த தபாலைப் பிரித்தேன். கட்டத்தில் எண்களை நிரப்பி அனுப்பினால் டிரான்சிஸ்டர் பரிசு என்கிறது ஒரு கம்பெனி. முடி கொட்டுவதை நிறுத்தும் தைலம் பற்றி இன்னொன்று. மூன்றாவது, என் கணவர் பெயருக்கு – 'இழந்த வாலிபத்தை மீட்க...' மனிதர் அதைச் சட்டென்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இவையெல்லாம் தொல்லைதான். ஆனால் சமாளிக்கலாம். பதில் போடாதீர்கள். கேட்காமல் வி.பி.பி. பார்சல் வந்தால் பணம் கட்டி வாங்காமல் திருப்பி விடுங்கள். கதவைத் தட்டும் சோப்புத்தூள் பெண்ணிடம் முதல் தடவையே 'வேண்டாம்மா' என்று சொல்லிவிடுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் அப்புறம் வருவாள், பாவம், வெயிலில்.

ஆனால் விற்க ஒன்றுமே இல்லாமல், பயத்தை மட்டும் கொண்டுவரும் தபால் ஒன்று இருக்கிறதே... அதை என்ன செய்வது?

உங்களுக்கும் வந்திருக்கும். தபால் கார்டு. மேலே ஒரு சாமி பெயர். 'இதைப் படித்ததும் ஒன்பது பேருக்கு எழுதவும். எழுதியவருக்கு லாட்டரி விழுந்தது. அலட்சியம் செய்தவர் வீட்டில் துக்கம் நேர்ந்தது.' கீழே அனுப்பியவர் பெயர் இருக்காது.

போன வருஷம் மழை ஆரம்பிக்கும் சமயத்தில் இந்தக் கார்டு ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டுக் கோமதிக்கும் ஒன்று வந்தது.

கோமதி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில்தான் அவள் கணவரும் ஃபிட்டர். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். முன்பு ஒரு தடவை உண்டாகி, தங்கவில்லை. இந்தத் தடவை மாடிப்படியைக்கூட ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்குவாள்.

ஒருநாள் காலையில் சர்க்கரை கேட்கப் போனேன். கார்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

"என்ன கோமதி, உடம்பு சரியில்லையா?"

"எக்கா, இதைப் பாருங்க. எழுதலைன்னா வீட்டுல துக்கமாம்."

"கிழிச்சுப் போடு."

"நான் மட்டும்னா போட்டிருவேன்க்கா." வயிற்றின் மேல் கை வைத்தாள். "இது இருக்குல்லா?"

"அப்போ ஒன்பது பேருக்கு எழுதிப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"யாருக்கு எழுத? எங்க அம்மைக்கா? எங்க மதினிக்கா? அவங்களும் இப்படித்தான உக்காந்திருப்பாங்க."

அவள் கஷ்டம் அதுதான். வைத்துக்கொள்ளவும் பயம், கைமாற்றி விடவும் மனசில்லை. மற்றவர்களெல்லாம் யோசிக்காமல் செய்கிற காரியத்தை யோசித்துப் பார்த்துவிட்டாள். அதனால்தான் அடுப்பு பற்றவில்லை.

நான் கார்டை வாங்கினேன். "இப்போ இது என்கிட்ட இருக்கு. வர்றது எனக்கு வரட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

விஷயம் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் யாருக்குக் கார்டு வந்தாலும் என் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே விழும். படித்தவர்களும் போட்டார்கள். நம்பிக்கையில்லை என்று சொல்கிறவர்கள் இன்னும் வேகமாகப் போட்டார்கள். எல்லாம் அடுப்புக்குத்தான்.

தபால்காரர் பக்கத்து ஊரான கோவில்பதாகைக்காரர். அவரிடம் ஒருநாள் கேட்டேன், இந்தக் கார்டுகளைக் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாதா என்று.

"நா இன்னாம்மா பண்றது? அட்ரஸ் கீது, சீலு குத்திக்கீது. குட்த்துதான் ஆவணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்லயே ஒண்ணு வந்துச்சு. எம் பொஞ்சாதி எழுதிகினு கீறா" என்றார்.

இந்த நிலையில்தான் என் கணவர் ஒருநாள் மழையில் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, முத்தாபுதுப்பேட்டை அருகே தண்ணீருக்கடியில் இருந்த பள்ளம் தெரியாமல் விழுந்தார். வலது காலில் எலும்பு முறிவு. தொடைவரை மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிளாக் பெண்கள் யாரும் கார்டுப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் ஃபிளாஸ்க்கைப் பார்த்தே பேசினார்கள்.

நான் மட்டும் தைரியமாக இருந்தேனா? உண்மையைச் சொல்கிறேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அடுப்பில் போட்ட கார்டுகள் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. பள்ளத்தில்தான் விழுந்தார், கார்டினால் விழவில்லை. தெரியும். தெரிந்தும் அவை வந்தன. அப்போதுதான் கோமதி அன்று தரையில் உட்கார்ந்திருந்தது எனக்கு முழுசாகப் புரிந்தது. 'கிழிச்சுப் போடு' என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன்...

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு கோமதி இட்லி கொண்டு வந்தாள். நிறைமாதம். மூச்சு வாங்கியது. கை விரலெல்லாம் நீல மை.

"இது என்ன?"

தயங்கினாள். "ஏசக் கூடாது. எல்லாரும் எங்க வீட்டுல உக்காந்து கார்டு எழுதினோம்க்கா. நீங்க எரிச்சதுக்கெல்லாம் சேத்து."

"நான் எதுக்குடி அத்தனையும் எரிச்சேன்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்போ இன்னும் எத்தனை பேர் உன்னை மாதிரி உக்காந்திருப்பாங்க?"

"யாரும் உக்கார மாட்டாங்க. நான் மாத்தித்தான எழுதினேன்."

என்ன மாற்றினாள்? எழுதி எழுதி மனப்பாடமாகியிருந்ததை அப்படியே சொன்னாள்: "ஆவடியில் ஒரு அண்ணாச்சிக்குக் காலில் அடி. சீக்கிரம் குணமாக ஒரு நிமிஷம் சாமி கும்பிடவும். முடிந்தால் தெரிந்தவர்களுக்கு எழுதவும். எழுதாவிட்டாலும் ஒன்றும் ஆகாது."

பயத்தை நெருப்பில் போட எனக்குத் தெரிந்தது. கார்டிலிருந்து பயத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பிளாக்கில் தஞ்சாவூர் உண்டு, சேலம் உண்டு, ராமநாதபுரம் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் ஊர்ப்பக்கம் அனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரமே கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாங்கள் கார்டை மறந்துவிட்டோம்.

இந்தத் திங்கட்கிழமை எனக்கு ஒரு கார்டு வந்தது. விழுப்புரம் முத்திரை. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிற யாரோ என் பெயருக்கு அனுப்பியிருக்க வேண்டும். பழக்கமில்லாத, நடுங்கும் கையெழுத்து. 'ஆவடியில் ஒரு அண்ணாச்சிக்குக் காலில் அடி...' என்று தொடங்கி, 'எழுதாவிட்டாலும் ஒன்றும் ஆகாது' என்று முடிகிறது. ஒரு வார்த்தை மாறவில்லை.

அதை என் கணவரிடம் கொடுத்தேன். மாவுக்கட்டுப் பிரித்து வெகுநாளாகிறது. நன்றாக நடக்கிறார். இரண்டு தடவை படித்தார்.

"இன்னும் கும்பிட்டுட்டு இருக்காங்களே, பாவம். கால் சரியாயிடுச்சுன்னு யாராவது சொல்ல வேண்டாமா?"

யாரிடம் சொல்வது? அனுப்பியவர் முகவரி இல்லை. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முகம் தெரியாத நல்லவர்களே, எலும்பு சேர்ந்துவிட்டது. மறுபடி சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார். நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம்.