கரைக்குக் கூப்பிடும் வேலை

பரங்கிப்பேட்டைப் பிரிவைத் தாண்டி, கடலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பேருந்தில் ஏறவில்லை. சட்டையில் வாத்து நாற்றம். அந்த வாரம் அந்த நாற்றத்தோடு யார் ஏறினாலும் இறக்கிவிட்டிருப்பார்கள். பையில் மாற்றுத் துணியும், சுகாதாரத் துறையினர் கொடுத்த மாத்திரை அட்டையும் இருந்தன. மாத்திரை முடியும்வரை எங்கும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் போய்க்கொண்டிருந்தேன்.

போகச் சொன்னது மாமா. சொந்தம் இல்லை, வாத்துக்காரர். அவரிடம் மேய்க்கப் போனவன் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சிதம்பரத்துக்கு மேற்கே அறுப்பு முடிந்த வயல்களில் மேய்த்தோம். வாத்துகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழத் தொடங்கியபோது, வயலில் அடித்த பூச்சிமருந்தைத்தான் மாமா திட்டினார். எந்த வாத்துக்காரரும் முதலில் அதைத்தான் திட்டுவார். அதனால் வேறு வயலுக்கு ஓட்டினோம், பிறகு ஏரிக்கு. போன இடமெல்லாம் செத்தன. கால்நடை டாக்டரம்மா வந்து தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப்போனார். அது போபாலில் உள்ள ஆய்வகம் வரை போய், முடிவு அன்று காலை வந்தது. பறவைக் காய்ச்சல். மிஞ்சியதையும் கொன்று புதைக்க வேண்டும்.

கேட்டதும் மாமா பட்டி வலையைச் சுருட்டி வண்டியில் போட்டார். இரவில் வாத்துகளை அடைப்பது அந்த வலைக்குள்தான். வாத்துகளை ஏரி நடுவில் இருந்த திட்டுக்கு விரட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“நீ கெளம்பு மாப்ள.”

“எங்க மாமா போறது?”

“உனக்கா போக எடமில்ல? இங்க இருந்தா உன்னத்தான் கூப்புட சொல்லுவானுவ. உன் கொரல் கேட்டா இந்த சனியனுங்க ஓடியாந்துடும். இருக்கறதாவது பொழைக்கட்டும், போ.”

அது உண்மைதான். சாயங்காலம் பட்டிக்குக் கூப்பிடுவது என் வேலை. மாமாவின் பீடிக் குரல் தண்ணீரைத் தாண்டாது.

தேவனாம்பட்டினத்தில் முன்பு மீனுக்கு ஐஸ் உடைத்திருக்கிறேன். அங்கே போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தொண்டை கரகரத்தது. தூசியாகவும் இருக்கலாம். வழியில் ஒரு டீக்கடையில் நின்றபோது இருமலை விழுங்கினேன். டிவியில் எங்கள் ஏரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் இருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணே, இவருக்கு ஒரு ஆம்லெட் போடு. சாப்ட்டா நம்மாளு, வேணாம்னா வாத்துக்காரரு.”

கடையே சிரித்தது. நான் டீயை முடிக்காமல் வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் கடைக்காரர் அந்தக் கிளாஸைக் குப்பையில் தூக்கிப் போட்ட சத்தம் கேட்டது.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஜீப் என்னைத் தாண்டிப் போய் நின்றது. டாக்டரம்மா இறங்கினார்.

“மாத்திர போட்டியா தம்பி?”

“போட்டேன் மேடம்.”

“காய்ச்சல்?”

“இல்ல.” தொண்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அவரே என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கையுறை கழற்றிய கை ஈரமாக இருந்தது. முழங்கால்வரை சேறு.

“குழி வெட்டியாச்சு. சுண்ணாம்பு, டிரெஸ், மருந்து எல்லாம் வந்தாச்சு. ஆனா எங்களுக்குப் பயிற்சி குடுத்தது கோழிப் பண்ணையில. கூண்டுல கைய விட்டா கோழி. இதுங்க நீந்துது. படகு விட்டா வாய்க்கால் பக்கம் ஓடுது. வாய்க்கால்ல எறங்கிட்டா ஊரு கோழி அத்தனையும் போச்சு. நீ வந்து கூப்புடணும்.”

“மாமாவுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன் மேடம்.”

“கெடுதல் இப்பதான் நடக்குது. தானா செத்ததுக்கு நஷ்டஈடு கெடையாது. நாங்க உயிரோட புடிச்சாத்தான் எழுத முடியும். திட்டுல ஒவ்வொண்ணா சாவுது, பாத்துட்டுதான் வரேன்.”

“அந்தக் காசு வருமா?”

அவர் சாலையைப் பார்த்தார். “எழுதி அனுப்புவேன். வர நாளாகும்.”

கட்டாயம் வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் நான் ஜீப்பில் ஏறியிருக்கமாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளை உடை, கண்ணாடி, முகமூடியோடு ஏரிக்கரையில் நின்றேன். மாமா கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நடையை வைத்தே என்னைக் கண்டுகொண்டார்.

“வந்துட்டியா? வெண்டக்காய்க்கு மருந்தடிக்கப் போறவனாட்டம் இருக்க.”

நான் திட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். முகமூடிக்குள் குரல் அடைத்துக்கொண்டது. திட்டில் சில தலைகள் நிமிர்ந்தன. ஒன்றும் இறங்கவில்லை. கையை முகமூடிக்குக் கொண்டுபோனேன். “தொடாத!” என்று டாக்டரம்மா கத்தினார். மறுபடி கூப்பிட்டேன். இரண்டு வாத்துகள் தண்ணீரில் இறங்கி வாய்க்கால் பக்கம் திரும்பின.

“மாமா,” என்றேன். “செத்ததுக்கு ஒண்ணும் கெடையாதாம். இருக்கறதுக்குத்தான் குடுப்பாங்களாம்.”

“உன்கிட்ட சொன்னாங்களா?”

“நாளாகும்னு சொன்னாங்க.”

மாமா கரையோரம் செத்து ஒதுங்கிக் கிடந்த வாத்துகளைப் பார்த்தார். பிறகு எழுந்து வண்டிக்குப் போனார். வலையை இறக்கி, குச்சிகளை ஒவ்வொன்றாக நட்டு, தினமும் சாயங்காலம் செய்வதுபோல விரித்துக் கட்டினார். வாசலை ஏரியைப் பார்க்க வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“இப்பக் கூப்புடு,” என்றார். “பட்டியக் காணாம அதுங்க எப்படிடா வரும்?”

கூப்பிட்டேன். வாய்க்கால் பக்கம் போன இரண்டும் திரும்பின. திட்டில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கி, வரிசையாகக் கரையை நோக்கி வந்தன. பிடிப்பதற்கு வேறு ஆட்கள் நின்றார்கள். எனக்குக் கொடுத்த வேலை கூப்பிடுவது. கடைசி வாத்து கரையேறும்வரை கூப்பிட்டேன்.