அண்ணன் குடித்ததில்லை

அண்ணன் இல்லாமல் முதலமடையில் ஒரு மாங்காய்ப் பருவம் முடிந்துவிட்டது. அவருடைய முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி என் பிள்ளைகள் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், அவற்றை மறைத்துக்கொண்டு நான் சுமத்திய ஒரு பழி நிற்கிறது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அண்ணன் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். அம்மா என் பிரசவத்தோடு போய்விட்டார். அப்பா கண்டிப்பானவர். கள்ளுக்கடைக்குப் போகிறவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்துக் கிணறு வற்றியபோது, அண்ணன் மாங்காய் லாரி ஓட்டப் போனார். பொன்னானிக் கடற்கரையில் ஹம்ஸாக்கா என்ற தோணிக்காரரின் பழக்கம் ஏற்பட்டது. மாங்காய் இல்லாத மாதங்களில் அவருடைய தோணியில் இரவுத் தூண்டிலுக்குப் போகத் தொடங்கினார். ஆள் கனம் இருக்கும் பாறை மீன்கள் இருட்டிய பிறகுதான் கரையை ஒட்டி இரை தேடி வரும். கடலையே பார்க்காமல் வளர்ந்த அண்ணன் அந்தத் தொழிலில் தேர்ந்துவிட்டார். பாலக்காட்டில் என் கல்லூரிப் படிப்பு அந்த மீன்களால் நடந்தது.

ஒரு விடுமுறையில், பாலக்காட்டிலேயே தங்கிப் படிப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, நானும் வருகிறேன் என்று அண்ணனை நச்சரித்தேன். என்னைக் கடலுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "அப்பனுக்குத் தெரிஞ்சா என்ற தோலை உரிச்சிருவாருடா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கூட்டிப்போனார்.

தோணியில் ஹம்ஸாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "காலேஜ்காரனாணோ? வாந்தி எடுத்தா மீன்மேல எடுக்காதே மோனே."

"காளையவே அடக்கறவனுங்க இவன்" என்று பெருமையடித்த அண்ணன், தடித்த நைலான் கயிற்றை என்னிடம் கொடுத்தபோது சிரிக்கவில்லை. "விரல்மேல சும்மா கெடக்கட்டும். மீன் இழுத்தா உட்டுரு. கையில மட்டும் சுத்தீராத. இது நம்மூட்டுக் காளையில்ல."

எங்கள் பக்கம் காளையை நடத்தும்போது கயிற்றை உள்ளங்கையில் சுற்றித்தான் பிடிப்போம். மிரண்டு இழுத்தாலும் கை நழுவாது. மீன் கவ்வியதும் என் கை, என்னைக் கேட்காமல், அதையே செய்தது.

அடுத்த நொடி தோணி விளிம்பில் குப்புறக் கிடந்தேன். கை தோள்வரை தண்ணீருக்குள் போயிருந்தது. அண்ணன் பாய்ந்து, எனக்கு முன்னால் கயிற்றைப் பற்றித் தன் வலக்கையில் சுற்றி, அந்த இழுவையைத் தான் வாங்கிக்கொண்டார். என் பக்கத்துக் கயிறு தொய்ந்தது. "அறுங்க, ஹம்ஸாக்கா, அறுங்க!" என்று கத்தினார். கத்தி வருவதற்குள் கயிறு எலும்புவரை இறங்கிவிட்டது. எனக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு. அண்ணனுக்கு அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் நின்றார். "இத்தன நாளு புடிச்சவனுக்கு அன்னைக்கு மட்டும் எப்படிறா கை போச்சு?"

அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். நான் தோணியில் இருந்தது தெரிந்தால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார். "அண்ணன் அன்னைக்குக் குடிச்சிருந்தாருங்கப்பா. கூட இருந்தவங்க சொன்னாங்க" என்றேன்.

அண்ணன் மறுக்கவில்லை. பிறகு மாட்டுக்கொட்டகையில் என்னிடம் கேட்டார்: "கயிறு வழுக்கிருச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா. உன்ற வாயில இதுதான் வந்துச்சா?"

அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் விலகிப் போனார்கள். அப்பா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அண்ணன் பீர்மேட்டுக்குப் போய்த் தேயிலைத் தோட்டமொன்றில் காவலாளியானார். திருமணம் செய்துகொள்ளவேயில்லை. அப்பா காலமானபோது ஓடி வந்தவரைச் சுடுகாட்டில் பங்காளிகள் தடுத்தார்கள். "குடிகாரன் கொள்ளி எனக்கு வேண்டாம்னு உங்கப்பன் சொல்லிட்டுத்தான் போனாரு." மூத்த மகன் ஒதுங்கி நிற்க, நான் கொள்ளி வைத்தேன். அப்போது எனக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. உண்மையைச் சொன்னால் இழக்க ஒன்றுமில்லை. அப்படியும் வாய் திறக்கவில்லை.

முதுமையில் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், "எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிர்றனுங்ணா" என்றேன்.

"யாருக்குடா? கேக்க வேண்டியவரு போயிட்டாரு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக நான் எழுதமாட்டேன்.

பீர்மேட்டில் அவர் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் கஞ்சி வைத்துக்கொடுத்த தோட்டத் தொழிலாளர் லயத்து மக்களுக்கும், கடைசி மாதங்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட என் மருமகளுக்கும், அவரைத் தோளில் சுமந்த இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இருட்டில் கைதவறாமல் கயிற்றை அறுத்த ஹம்ஸாக்காவுக்கும் நன்றி. அதை அவரிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை.

உறவினர்களே, உங்கள் வீட்டு விசேஷங்களில் அண்ணனைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தீர்கள். குழந்தைகளை அவர் பக்கம் விடவில்லை. அது உங்கள் குற்றமல்ல, என் சொல்லை நம்பினீர்கள். அந்தக் குழந்தைகள் இன்று பெரியவர்களாகி இங்கே வந்திருக்கிறார்கள். இலை போடுவதற்கு முன் இதை அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். நான் வாசலில்தான் நிற்கிறேன். என்னைக் கேட்க வேண்டியவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்கலாம்.