பல்லிக்கு வலிக்குமா?

எண்பதுகளில் ஒரு நாள், மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பழைய தமிழ்ப் புத்தகம் விற்கும் இடத்தில் ஒருவரைப் பார்த்தேன். தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. விரலெல்லாம் பசை. அதனால் சிறுவர் அறிவியல் புத்தகம் ஒன்றைப் புறங்கையாலேயே புரட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, வால் அறுந்தா பல்லிக்கு வலிக்குமான்னு இதுல போட்டிருக்கா, பாருங்களேன். எம் மவ கேட்டா."

"என்ன படிக்கிறா அண்ணாச்சி?"

"ஊர்ல இருக்கா. கேக்கும்போது ரெண்டாங் கிளாஸு. இப்ப எட்டாவது."

"இன்னுமா அதையே தேடறீங்க?"

"அதுக்குப் பெறவு அவ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

தேடிப் பார்த்தேன். வால் மறுபடி முளைக்கும் என்று இருந்தது. வலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதையும் சொன்னேன்.

அப்படியும் அதைத்தான் வாங்கினார். பசை படாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு தாராவிப் பக்கம் நடந்தார்.